ஒரே போர், மூன்று விதிநூல்கள்: பதினெட்டாம் நூற்றாண்டுப் பொம்மைப் படைக்கு விதி தேர்ந்தெடுத்த கதை

நீல அங்கியில் பிரஷ்யா, வெள்ளை அங்கியில் ஆஸ்திரியா. பதினைந்து மில்லிமீட்டர் பொம்மைகளில் இரண்டு படைகளும் வண்ணம் பூசி முடிந்துவிட்டன. மேசைமேல் பொம்மைப் படைகளை மோதவிடும் இந்தப் போர் ஆட்டத்தை எந்த விதிநூலை வைத்து ஆடுவது என்பதில்தான் நண்பர்கள் நால்வருக்குள் இழுபறி. ஒருவருக்குக் கலகலப்பாக ஓடும் ஆட்டம் வேண்டும். இன்னொருவர் சரித்திரத்தில் சிறிதும் விட்டுக்கொடுக்க மாட்டார். மூன்றாமவர் நெப்போலியன் காலத்துக்கென வாங்கிய நூலையே பெயர் மாற்றி ஆடலாம் என்றார். நான் கேட்டது ஒன்றைத்தான்: ஆடி முடித்தபின் இது 1741-இல் நடந்த சண்டை என்று தோன்ற வேண்டும்.

இழுபறியைத் தீர்க்க ஒரே வழி, ஒரே போரை வெவ்வேறு நூல்களில் ஆடிப் பார்ப்பது. மேசை 180-க்கு 120 சென்டிமீட்டர். ஒரு படைப்பிரிவுக்குப் பொம்மைகளை ஒட்டிய நான்கு அடித்தட்டுகள், ஒவ்வொன்றும் 4 சென்டிமீட்டர் அகலம். ஒட்டியதைப் பிய்த்து மறுபடி ஒட்டச் சொல்லும் நூல் எதுவாயினும் வேண்டாம் என்பதில் மட்டும் நால்வருக்கும் கருத்து வேறுபாடில்லை.

நெப்போலியன் நூலை முதலிலேயே ஒதுக்கிவிட்டோம். அந்தக் காலத்துப் பட்டாலியன், அதாவது சில நூறு பேர் கொண்ட காலாட்படை அணி, தன்னிச்சையாகச் சுழலும். நெடுவரிசையில் பாயும், சதுரமாக மாறும், முன்னே உதிரி வீரர்களைத் தூவும். 1741-இன் பட்டாலியனுக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. அது மூன்றாள் ஆழத்தில் நீண்டு நிற்கும் ஒரு பெரும் சுவரின் செங்கல். இடப்பக்கத்துக்காரனும் வலப்பக்கத்துக்காரனும் எங்கே நிற்கிறார்களோ அதை ஒட்டித்தான் அதற்கு வாழ்வு. முதல் வரிசை, சில நூறு அடி பின்னால் இரண்டாம் வரிசை, இரு சிறகுகளிலும் குதிரைப்படை என்று ஒருமுறை நிறுத்திவிட்டால், அதைத் திருப்புவது பெரும்பாடு. ஆகவே இந்தக் காலத்துத் தளபதியின் திறமையில் பெரும்பகுதி முதல் வேட்டுக்கு முன்பே செலவாகிவிடும். எந்த நூல் இதை உணர்கிறது என்பதே எங்கள் சோதனையின் உரைகல் ஆயிற்று.

அதற்கு மோல்விட்ஸைவிடப் பொருத்தமான போர் எங்களுக்குத் தோன்றவில்லை. 1740 டிசம்பரில் பிரஷ்ய அரசர் பிரெடரிக், ஆஸ்திரியாவின் கையிலிருந்த சைலீசியாவுக்குள் படை நடத்தினார். அடுத்த வசந்தத்தில் ஆஸ்திரியத் தளபதி நைப்பெர்க் மலைகளைக் கடந்து வந்து அவருடைய பின்பாதையை அறுத்தார். 1741 ஏப்ரல் 10, நிலமெல்லாம் பனி. மோல்விட்ஸ், குரூனிங்கன், லாக்விட்ஸ் என்ற மூன்று கிராமங்களில் ஆஸ்திரியர்கள் தங்கியிருந்தபோது, எதிர்பாராத திசையிலிருந்து பிரஷ்யப் படை வந்து நின்றது. எதிரி சுதாரிக்குமுன் பாய்ந்திருக்கலாம். இருபத்தொன்பது வயது அரசருக்கு இது முதல் போர். பாடப்புத்தகத்தில் உள்ளபடியே அணிவகுக்கச் சொன்னார். அது முடிய ஒரு மணி நேரத்துக்கும் மேலானது. அந்த நேரத்தில் நைப்பெர்க் தன் படையைத் திருப்பி நிறுத்திக்கொண்டார்.

அணிவகுப்பும் சரியாக அமையவில்லை. வலச் சிறகில் ஷூலன்பர்க்கின் குதிரைப்படை போதிய இடம் விடாமல் நின்றுவிட்டதால், காலாட்படையின் சில பட்டாலியன்களுக்கு முதல் வரிசையில் இடமில்லாமல் போயிற்று. அவற்றை இரு வரிசைகளுக்கும் நடுவே பக்கவாட்டில் திருப்பி நிறுத்தினார்கள். பிறகு ரோமர் தலைமையில் ஆஸ்திரியக் குதிரைப்படை அந்தச் சிறகின் மேல் விழுந்து பிரஷ்யக் குதிரைகளைச் சிதறடித்தது. ஷூலன்பர்க் மாண்டார், பின்னர் ரோமரும் மாண்டார். நிலைமை கைமீறுவதாக எண்ணிய பிரஷ்யத் தளபதி ஷ்வெரின், அரசரைக் களத்தை விட்டு அனுப்பிவைத்தார். ஆனால் இடமில்லாமல் நடுவே நிறுத்தப்பட்ட அந்தப் பட்டாலியன்கள்தான் காலாட்படையின் பக்கவாட்டைக் காத்தன. இரும்பு இடிகோல் கொண்டு வேகமாகக் குண்டு அடைக்கப் பழகிய பிரஷ்யக் காலாட்கள் அசையாமல் சுட்டார்கள். மாலையில் ஷ்வெரின் முன்னேற உத்தரவிட, புதிதாகச் சேர்ந்தவர்கள் மிகுந்த ஆஸ்திரியக் காலாட்படை தாங்காமல் விலகியது. இரு தரப்பிலும் இழப்பு தலா நாலாயிரத்தைத் தாண்டியது.

விதிநூலுக்கு இது பொல்லாத தேர்வு. முதல் கேள்வி அணிவகுப்பு. இரண்டாவது, குதிரைப்படை ஒரு போரையும் காலாட்படை வேறொரு போரையும் நடத்தும் விந்தை. மூன்றாவது, தளபதி ஓடிப்போனதால் படைக்கு நன்மை விளைந்த அதிசயம். கிட்டத்தட்ட எல்லா நூல்களும் தளபதி விழுந்தால் அபராதம் விதிக்கின்றன. மோல்விட்ஸில் அரசர் போனது பிரஷ்யாவுக்குப் பரிசு.

நூல்களுக்குப் போகுமுன் அளவுக் கணக்கு. இதைப் போட்டுப் பார்க்காமல் விதி வாங்குகிறவர்கள் ஏராளம். பிரஷ்யாவிடம் முப்பதை ஒட்டிய பட்டாலியன்கள், ஆஸ்திரியாவிடம் அதில் பாதியைச் சற்றே தாண்டும். அத்தனையையும் அந்த மேசையில் பரப்ப முடியாது. எனவே மேசையில் ஒரு படைப்பிரிவு என்பது களத்தில் இரண்டு பட்டாலியன். மூன்றாள் ஆழத்தில் அறுநூறு எழுநூறு பேர் நின்றால் ஒரு பட்டாலியன் ஏறத்தாழ 150 மீட்டர் நீளும். இரண்டு சேர்ந்தால் 300 மீட்டர். எங்கள் படைப்பிரிவின் அகலம் 16 சென்டிமீட்டர் என்பதால் மேசையில் ஒரு சென்டிமீட்டர் களத்தில் பத்தொன்பது மீட்டருக்குச் சமம். மேசை முழுக்க மூன்றரை கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மோல்விட்ஸுக்கு இது தாராளமாகப் போதும். ஆனால் மஸ்கட் துப்பாக்கி உருப்படியாகச் சுடும் தூரம் நூறு மீட்டர் என்றால் மேசையில் அது ஐந்து சென்டிமீட்டர்தான்! இரண்டு விரல் அகலத்தைச் சற்றே தாண்டும் அந்த இடைவெளியில்தான் நூற்றாண்டின் காலாட்சண்டை அனைத்தும் நடந்தது. எந்த நூலும் இதை அப்படியே ஏற்பதில்லை. ஏற்றால் ஆட்டம் கண்ணுக்குத் தெரியாது. எவ்வளவு பொய் சொல்கிறது, எதற்காகச் சொல்கிறது என்பதையே பார்க்க வேண்டும்.

முதலில் பிளாக் பவுடர். ரிக் பிரீஸ்ட்லியும் ஜெர்விஸ் ஜான்சனும் எழுதி 2009-இல் வெளிவந்தது. பதினெட்டாம் நூற்றாண்டுக்கென்று தனித் துணைநூலும் அதற்கு உண்டு. நூலின் உயிர் அதன் கட்டளை முறை. என்ன செய்யப்போகிறாய் என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், பிறகு இரண்டு பகடை உருட்ட வேண்டும். தளபதியின் தகுதி எண் எட்டு என்று வைத்துக்கொள்வோம். கூட்டுத்தொகை எட்டோ ஏழோ விழுந்தால் ஒரு நகர்வு, ஆறு விழுந்தால் இரண்டு, ஐந்தும் அதற்குக் கீழும் மூன்று. எட்டைத் தாண்டினால் படை நின்ற இடத்திலேயே நிற்கும், அந்தத் தளபதி அச்சுற்றில் மேற்கொண்டு கட்டளையிட முடியாது.

எங்கள் மேசையில் ரோமருக்கு ஐந்து விழுந்தது. நூல் சொல்லும் அங்குலங்களைச் சென்டிமீட்டராகக் கொண்டு ஆடினோம். அப்படியும் குதிரைப்படைக்கு நகர்வுக்குப் பதினெட்டு, மூன்று நகர்வுக்கு ஐம்பத்து நான்கு. களத்தில் அது ஒரு கிலோமீட்டர். ஷூலன்பர்க்காக ஆடியவர் கையைப் பிசைவதற்குள் ஆஸ்திரியக் குதிரைகள் மேசையின் பாதியைக் கடந்து அவருடைய பக்கவாட்டில் நின்றன. ஒப்புக்கொள்கிறேன், அந்த அதிர்ச்சி மோல்விட்ஸுக்கு மிகவும் உண்மையானது. நிஜத்திலும் பிரஷ்யக் குதிரைகள் இடம் மாறிக்கொண்டிருந்தபோதே அடிபட்டன.

அதே தாராளம் காலாட்படைக்கும் கிடைப்பதுதான் கோளாறு. நல்ல பகடை விழுந்த பிரஷ்ய பிரிகேட் (பல படைப்பிரிவுகளின் தொகுதி) ஒன்று ஒரே சுற்றில் வரிசையிலிருந்து மாறி, மூலையைச் சுற்றி, மறுபடி வரிசையாகி எதிரியின் தோளருகே நின்றது. 1741-இல் இதைக் கண்ட சார்ஜென்ட் யாராவது இருந்தால் மயங்கி விழுந்திருப்பார். துப்பாக்கியின் எல்லையும் பதினெட்டு, அதாவது களத்தில் முந்நூற்று நாற்பது மீட்டர். நிஜத்தைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். இதனால் இரு வரிசைகளும் தொலைவிலேயே நின்று நச்சரித்துக்கொள்கின்றன. எவ்வளவு நெருங்கிய பிறகு முதல் வேட்டைப் போடுவது என்ற அந்த நரம்புப் போராட்டம் காணாமல் போகிறது. சிறப்பு விதிகளால் முதல் வேட்டுக்குக் கூடுதல் பலம் கொடுக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் முந்நூறு மீட்டரில் போடும் முதல் வேட்டுக்கு என்ன மகிமை?

சிரிப்புக்கும் சத்தத்துக்கும் மூன்று நூல்களில் இதுவே முதலிடம். கலகலப்பு கேட்ட நண்பர் அன்று மாலையே தேர்வு முடிந்துவிட்டதாக அறிவித்தார்.

இரண்டாவது மாரிஸ். சாம் முஸ்தபா 2012-இல் வெளியிட்டது. பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் படைத் தளபதி மாரிஸ் தெ சாக்ஸின் பெயர். இது சீட்டால் இயங்கும் ஆட்டம். ஒரு சுற்றில் நீங்கள் ஒரு படைக்கூட்டத்தை மட்டும் அசைக்கலாம். முதன்மைத் தளபதியிடமிருந்து அது எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ அதற்கேற்பக் கையிலுள்ள சீட்டுகளைச் செலவழிக்க வேண்டும். ஒரே வகை, ஒரே அணிவகுப்பு, ஒன்றையொன்று ஒட்டி நிற்பவை ஆகியன ஒரே கூட்டமாகக் கணக்கில் வரும்.

இந்த ஒரு விதி எங்களை நிமிர்ந்து உட்கார வைத்தது. ஒழுங்காக நிற்கும் வரிசை மலிவு, உடைந்த வரிசை விலையேறியது. எட்டுப் படைப்பிரிவு தோளோடு தோள் நின்றால் ஒரே செலவில் எட்டும் முன்னேறும். அவற்றில் ஒன்றை மட்டும் சற்றுத் திருப்பிப் பக்கவாட்டில் ஓர் அடி கொடுக்கலாம் என்று ஆசைப்பட்டால், அந்தக் கணமே அது தனிக் கூட்டம். அடுத்த சுற்றில் இரண்டையும் சேர்த்து நகர்த்தக் கையில் சீட்டு இருக்காது. யாரும் சொல்லித்தராமலே ஆட்டக்காரர் வரிசையைக் கட்டிக்காக்கத் தொடங்குகிறார். பாடம் எடுக்காமல் பழக்கத்தை உண்டாக்கும் விதியே நல்ல விதி என்பது என் கட்சி. அந்த வகையில் இவ்வளவு கச்சிதமான விதியை வேறு நூலில் நான் பார்த்ததில்லை.

பிரஷ்யாவின் துப்பாக்கித் திறனுக்கு நாட்டுச் சிறப்பு என்ற பெயரில் தனிச் சலுகை உண்டு. அளவுகள் எல்லாம் அடித்தட்டின் அகலத்தைக் கொண்டே சொல்லப்படுவதால் எங்கள் பொம்மைகளைத் தொட வேண்டிய அவசியமே எழவில்லை. அரசர் ஓடியதற்கும் எளிதாக வழி கிடைத்தது. பிரெடரிக் பொம்மை வலச் சிறகோரம் நின்றவரை இடச் சிறகை அசைக்கச் சீட்டு அதிகம் செலவாயிற்று. அவரை எடுத்துவிட்டு வரிசையின் நடுவே ஷ்வெரினை வைத்ததும் முழுப் படைக்கும் செலவு குறைந்தது. தனி விதி எதுவும் சேர்க்காமல், வெறும் தூரக் கணக்கே சரித்திரத்தைச் சொல்லிவிட்டது.

அப்படியானால் இதையே எடுத்திருக்க வேண்டியதுதானே? தடை ஒன்றே. நாங்கள் நால்வர். சீட்டுக்கட்டு தலைமைத் தளபதியிடம் இருக்கிறது. சிறகுக்குத் தலைவராக உட்கார்ந்தவர் தன் முறை எப்போது வரும் என்று கூரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். குதிரைப்படை மோதல் முடிந்த பிறகு ஆஸ்திரிய இடச் சிறகுக்காரருக்கு வெகுநேரம் வேலையே இல்லை. எதிராளியின் முறையில் இடைமறிக்கும் சீட்டுகள் உண்டு என்றாலும் அவையும் ஒரே கையில்தான். இருவர் ஆடும் ஆட்டமாக இதற்கு ஈடில்லை. நால்வருக்கு இது இருவர் ஆட, இருவர் பார்க்கும் சதுரங்கம்.

மூன்றாவது ஹானர்ஸ் ஆஃப் வார். கீத் ஃபிளின்ட் எழுதி ஆஸ்ப்ரே பதிப்பகம் 2015-இல் வெளியிட்ட மெல்லிய நூல். ஏழாண்டுப் போரை (1756–63) மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. பிரிகேட் தளபதிகள் மூன்று ரகம்: தயங்குகிறவர், நம்பத்தக்கவர், துடிப்பானவர். ஒவ்வொரு சுற்றிலும் பிரிகேடுக்கு ஒரு பகடை. மோசமாக விழுந்தால் தடுமாற்றம், நன்றாக விழுந்தால் வழக்கத்தைவிட அதிகம் செய்யலாம். காலாட்படைக்கும் தரப்பிரிவு உண்டு. எனவே பிரஷ்யர்களை உயர்தரம், ஆஸ்திரியப் புதியவர்களைத் தாழ்தரம் என்று எழுதினால் இரும்பு இடிகோல் கணக்கு முடிந்தது. அடிகள் சேரச் சேரப் படைப்பிரிவு நலிந்து ஒரு கட்டத்தில் ஒன்றுக்கும் உதவாததாகிவிடும். எதிரியிடமிருந்து விலகி நின்றால் சிறிது தேறலாம்.

மாரிஸில் கண்டது போன்ற மின்னல் எதுவும் இதில் இல்லை. எல்லாம் நிதானம். ஆனால் நால்வருக்கும் சுற்றுக்குச் சுற்று வேலை இருந்தது. அவரவர் பிரிகேட், அவரவர் பகடை, அவரவர் தலைவலி. ரோமரைத் துடிப்பானவர் என்றும், ஷூலன்பர்க்கைத் தயங்குகிறவர் என்றும் குறித்தோம். வலச் சிறகில் நடந்தது பெரும்பாலும் சரித்திரத்தை ஒத்தே போயிற்று. காலாட்படைச் சண்டை தொடங்கியதும் மேசை அமைதியாகிவிட்டது. இரண்டாம் வரிசையை எப்போது முன்னே விடுவது என்பதே பேச்சு. பிரஷ்ய வரிசையில் இரண்டு படைப்பிரிவுகள் அடிவாங்கிக் குனிந்தபோது, பின்னாலிருந்து புதியவை இடைவெளி வழியாக வந்து நின்றன. ஆஸ்திரியப் பக்கம் அப்படி மாற்றி நிறுத்த ஆளில்லை. அங்கேதான் போர் முடிவானது, நிஜத்தில் முடிவான காரணத்துக்கு வெகு அருகில்.

மூன்று நூல்களும் ஒரு விஷயத்தில் கைவிரித்தன. அந்த முதல் ஒரு மணி நேரம்! மூன்றிலும் ஆட்டம் தொடங்குவதே படைகள் ஓரளவு அணிவகுத்து நின்ற பிறகுதான். பிரெடரிக்கின் பெரிய முடிவு, உடனே பாய்வதா, வரிசை கட்டுவதா என்பது, பொம்மைகளை மேசையில் வைக்கும்போதே கடந்துபோய்விடுகிறது. இது இந்த மூன்று நூல்களின் குறை மட்டுமன்று. படையை நிறுத்துவது ஏற்பாட்டு வேலை, சுடுவதுதான் ஆட்டம் என்ற எண்ணம் இந்தப் பொழுதுபோக்கில் ஊறிக் கிடக்கிறது. 1971-இல் சார்லஸ் கிராண்ட் தன் போர் ஆட்ட நூலை வெளியிட்டபோது ஒரு ரெஜிமென்ட்டுக்கு ஏறத்தாழ ஐம்பது பொம்மைகள் வைத்து ஆடினார்கள். அந்த நீண்ட வரிசை மேசையில் திரும்பப் பட்ட பாடே ஒரு பாடமாக இருந்தது. பொம்மை குறைந்து ஆட்டம் வேகமானதும் அந்தப் பாடம் உதிர்ந்துவிட்டது.

ஆகவே அணிவகுப்பை நாங்களே ஒரு தாளில் எழுதிக்கொண்டோம். பிரஷ்யப் படை எத்தனை நெடுவரிசைகளில் வருகிறது, எந்த வரிசையில் யார் முன்னால் என்பதைத் தலைமைத் தளபதி எழுதிக் கொடுத்துவிடுவார். அணிவகுப்புச் சுற்று ஒவ்வொன்றிலும் நெடுவரிசைக்கு ஒரு படைப்பிரிவுதான் தன் இடத்துக்கு வரலாம். வலது கோடியிலிருந்து தொடங்கி இடப்பக்கம் நீள வேண்டும். குதிரைப்படைத் தலைவர் தன் இடத்தைக் காலாட்படைத் தலைவரைக் கேட்காமல் முடிவு செய்து தாளில் குறித்து மூடி வைக்கிறார். திறந்து பார்க்கும்போது இடம் போதவில்லை என்றால், மிஞ்சிய படைப்பிரிவுகள் இரு வரிசைகளுக்கும் நடுவே பக்கவாட்டில் திரும்பித்தான் நிற்க வேண்டும். ஆஸ்திரியாவுக்கும் அதே கடிகாரம்: ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு கிராமத்திலிருந்தும் ஒரு பிரிவு வெளியேறித் திரும்பி நிற்கும். பிரஷ்யா எந்தச் சுற்றிலும் அணிவகுப்பை நிறுத்திவிட்டு, வந்தவரை போதும் என்று போரைத் தொடங்கலாம்.

இந்தத் தாளோடு ஹானர்ஸ் ஆஃப் வாரை ஆடிய அன்று இரண்டு தலைவர்களும் குறித்த இடங்கள் முட்டிக்கொண்டன. மூன்று படைப்பிரிவுகள் இடமின்றி நடுவே போய் நின்றன. காலாட்படைத் தலைவர் வாயில் வந்ததையெல்லாம் சொன்னார். பிறகு ரோமரின் குதிரைகள் வலச் சிறகை உடைத்துக்கொண்டு வந்தபோது, அந்த மூன்றும்தான் எதிரே நின்றன. அவர் திட்டியதைத் திரும்பப் பெறவில்லை, ஆனால் சிரித்தார்.

முடிவுக்கு அதற்குமேல் விவாதம் தேவைப்படவில்லை. நால்வர் கூடும் ஆட்டங்களுக்கு ஹானர்ஸ் ஆஃப் வாரும் அணிவகுப்புத் தாளும். இருவர் மட்டும் கூடினால் மாரிஸ். பிளாக் பவுடரை நாங்கள் விற்கவில்லை. ஆள் நிறைய வந்து, மேசையும் இரண்டு மடங்கு நீண்டு, யார் எங்கே திரும்பினார்கள் என்று கணக்குப் பார்க்காத நாளுக்கு அது இருக்கட்டும்.

தேர்ந்த நூலில் நாங்கள் கை வைத்தது இரண்டே இடங்களில். பிரஷ்ய வலச் சிறகில் குதிரைகளுக்கிடையே இரண்டு கிரனேடியர் (தேர்ந்த காலாட்கள்) பட்டாலியன்களைப் பிரெடரிக் நிறுத்தியிருந்தார். குதிரைகள் ஓடியபின்னும் அவை அசையவில்லை. எங்கள் கணக்கில் இரண்டும் சேர்ந்து ஒரே படைப்பிரிவு. தம் குதிரைப்படை அதை ஊடுருவி ஓடினாலும் குலையாது என்று ஒரு வரி சேர்த்தோம். அடுத்து, அரசர். குதிரைப்படைச் சிறகு உடைந்த சுற்றின் முடிவில் ஒரு பகடை: ஒன்று, இரண்டு, மூன்று விழுந்தால் பிரெடரிக் களத்தை விட்டுப் போகிறார், அதன்பின் பிரஷ்யக் காலாட்படை பிரிகேடுகள் எல்லாம் நம்பத்தக்க தளபதியின் கீழ் இருப்பதாகக் கொள்ள வேண்டும். அரசருக்காக ஆடுகிறவருக்கு இது பிடிக்காது. பிடிக்கக் கூடாது.

நாங்கள் அடுத்து ஆடப்போவது 1757 ஜூன் 18-இன் கொலின் போர். அங்கே பிரஷ்யப் படை ஆஸ்திரியர்களின் கண்ணெதிரே பக்கவாட்டாக நடந்து அவர்களுடைய வலச் சிறகைச் சுற்றி வளைக்க முயன்றது. வழியில் ஆஸ்திரியத் தரப்பின் குரோவாத் துப்பாக்கிக்காரர்களின் தொல்லை தாங்காமல் சில பட்டாலியன்கள் பாதியிலேயே எதிரியை நோக்கித் திரும்பிவிட, திட்டம் குலைந்தது. இதற்கு எங்கள் அணிவகுப்புத் தாள் போதாது. அது போருக்கு முந்தைய நேரத்தைத்தான் அளக்கிறது, கொலினில் அணிவகுப்பே போரின் நடுவில் நிகழ்கிறது. நெடுவரிசையில் நடந்துகொண்டிருக்கும் பிரிகேட் மீது உதிரிச் சூடு விழுந்தால் தளபதி ஒரு பகடை உருட்ட வேண்டும், தவறினால் திரும்பிச் சண்டைக்குப் போய்விட வேண்டும் என்று ஒரு விதியை எழுதி வைத்திருக்கிறோம். தயங்குகிறவர் திரும்புவாரா, துடிப்பானவர் திரும்புவாரா என்பதில் நால்வருக்குள் மறுபடியும் இழுபறி.